ஜெர்மனியில் பீப்பாய் செய்பவரை ‘பொட்ஷர்’ என்கிறார்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

‘பொட்டிஷ்’ என்றால் பெரிய மரத்தொட்டி. அதைச் செய்பவர் பொட்ஷர். பொட்டிஷ் என்பதே இலத்தீன் ‘அப்போதேக்கா’விலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அகராதிகளின் கருத்து. அதற்குப் பொருள் சரக்கறை. ஜெர்மானியர் மருந்துக்கடையை ‘அப்போதேக்க’ என்பதும் இதை வைத்துத்தான். சொல் வகையில் பார்த்தால் பீப்பாய்க்காரரும் மருந்துக்கடைக்காரரும் பங்காளிகள்!

ஆனால் பொட்ஷர் பெரும்பாலும் வடக்கத்திப் பெயர். தென்மேற்கில், திராட்சை விளையும் பக்கம், இவர் க்யூஃபர், ஃபிராங்கோனியாவில் ப்யூட்னர், பவேரியாவில் ஷெஃப்லர், ஆஸ்திரியாவில் ஃபாஸ்பிண்டர் அல்லது வெறும் பிண்டர்.

க்யூஃபரின் மூலம் இலத்தீன் ‘கூப்பா’, அதாவது மரத்தொட்டி அல்லது பீப்பாய். வேடிக்கை என்னவென்றால், ரோமானியர் மதுவை மண்சாடிகளில்தான் வைத்திருந்தார்கள். ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தில் மரப்பாத்திரத்துக்கு வளையம் பூட்டி மது வைக்கிறார்கள் என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். மரப்பீப்பாயை ரோமானியர் அந்தப் பக்கத்தில் வாழ்ந்த கெல்ட் மக்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். ஆக, பொருள் கெல்ட்டியருடையது, ஜெர்மனிக்குப் போன பெயர் மட்டும் இலத்தீன். (நம் ‘பீப்பாய்’ கூட போர்த்துகீசிய ‘பீப்பா’தான்.)

எனக்குப் பிடித்தது பிண்டர். மற்ற பெயர்களெல்லாம் பாத்திரத்தை வைத்து வந்தவை. இது வேலையை வைத்து வந்தது. பிண்டர் என்றால் கட்டுபவர். ஓக் பலகைகளை வட்டமாக நிறுத்தி, நடுவில் நெருப்பு மூட்டி, தண்ணீர் தெளித்துச் சூட்டிலேயே வளைத்து, இரும்பு வளையத்தைச் சுத்தியால் அடித்து அடித்து இறக்க வேண்டும். பலகைகளை ஒட்டப் பசையும் கிடையாது, இணைக்க ஆணியும் கிடையாது. அந்தக் கட்டு தளர்ந்தால் பீப்பாய் விறகுதான். திரைப்பட இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் குடும்பப் பெயர் இந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான்.

ஷெஃப்லர், ‘ஷாஃப்’ என்ற தொட்டியிலிருந்து வந்தது. ஆட்டிடையரைக் குறிக்கும் ‘ஷெஃபர்’ வேறு. மியூனிக்கில் ஏழாண்டுக்கு ஒருமுறை இவர்கள் பெயரில் நடனம் நடக்கிறது. 2019-க்குப் பின் அடுத்த முறை 2026. சிவப்புச் சட்டைக்காரர்கள் பச்சை இலை வளைவுகளோடு ஆட, ஒருவர் பீப்பாய் மேல் ஏறி, நிரம்பிய கோப்பைகளை வைத்த வளையத்தைத் தலைக்கு மேல் சுழற்றுவார். சிந்தக் கூடாது.

ஜெர்மன் அரசு ஏட்டில் மட்டும் எல்லாரும் பொட்ஷர்தான். 2020-இல் இந்தத் தொழிலைச் சொந்தமாக நடத்த மாஸ்டர் சான்றிதழ் மீண்டும் கட்டாயமானபோதும் சட்டம் எழுதிய பெயர் அதுவே.