குரோம் சக்கரத்தில் துரு

கேள்வி: என் பழைய காரின் குரோம் பூசிய இரும்புச் சக்கரங்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றியுள்ளன. வீட்டிலேயே நீக்க முடியுமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: முடியும். ஆனால் துருப்பிடித்திருப்பது குரோம் அன்று. மிக மெல்லிய அந்தப் பூச்சிலுள்ள நுண்துளைகள், கீறல்கள் வழியாகக் கடற்காற்றின் உப்பும் ஈரமும் உள்ளே இறங்கி, அடியிலுள்ள இரும்பை அரிப்பதால் எழும் துருவே மேலே புள்ளியாகத் தெரிகிறது. ஆகவே, பூச்சைக் காப்பாற்றுவதே முதல் கவலையாக இருக்க வேண்டும்.

சக்கரம் ஆறியபின், மணலும் பிரேக் தூசியும் போகும்படி சோப்பு நீரால் கழுவுங்கள். பிறகு சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் தோய்த்து, அழுத்தாமல் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிக மென்மையானது என்பதால், பூச்சைக் கீறாமல் துருவை எடுத்துவிடும். போகாத புள்ளிக்கு நீருக்குப் பதிலாக வெள்ளை வினிகரைப் பயன்படுத்தி, உடனே கழுவிவிடலாம். கழிவறைக்கான அமிலத்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமையே கரைத்துவிடும். கம்பி நார், உப்புத்தாள் ஆகியவையும் வேண்டாம்.

ஈரம் சிறிதுமின்றித் துடைத்தபின், நுண்துளைகளை மூட கார் மெழுகு பூசுங்கள். உங்கள் ஊரில் இதை அடிக்கடி செய்வது நல்லது. பூச்சு கொப்பளித்து உரிந்திருந்தால் தேய்ப்பதால் பயனில்லை. முலாம் பூசும் பட்டறைக்கே கொண்டுசெல்ல வேண்டும்.