அதே குகை

அண்ணா, வணக்கம்.

போன மாதம் எழுதிய கட்டுரையில் டிராகன் ஏஜ் 2ஐ ‘பாதி நல்ல கேம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை. முதல் பாகமான ஆரிஜின்ஸை மூன்று முறை முடித்தவன் நான். ஆறு விதமான தொடக்கம், மேலிருந்து பார்க்கும் கேமரா, நாடு முழுக்கப் பயணம் எல்லாம் அதில் இருந்தது. இரண்டாம் பாகத்தில் ஒரே ஊர், ஹாக் என்ற ஒரே கதாபாத்திரம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு ஒரு கேமை நம் தலையில் கட்டிவிட்டார்கள். இவ்வளவு தூரம் விலகியதை எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள்?

ஒரு வாசகன், குரோம்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் நியாயம்தான், ஆனால் தப்பான முகவரிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். விலகிப் போனதை நான் குற்றமாக நினைக்கவில்லை. நல்ல திசையில்தான் திரும்பினார்கள், ஆனால் அந்த வழியில் நடக்க அவகாசம் கொடுக்கவில்லை.

2004இல் அறிவித்த ஆரிஜின்ஸ் நம் கைக்கு வந்தது 2009 நவம்பரில். இரண்டாம் பாகம் 2011 மார்ச்சிலேயே வந்துவிட்டது. நடுவில் 16 மாதம், அவ்வளவுதான். அந்த அவசரத்தில் ஒரே குகையைத் திரும்பத் திரும்ப வேறு வேறு குகையாகக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடத் திட்டாதது எனக்கு ஆச்சரியம். பழைய கருப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகி வீட்டு மாடிப்படியும் வில்லன் வீட்டு மாடிப்படியும் ஒரே செட்டாக இருக்கும், திரைச்சீலையையாவது மாற்றியிருப்பார்கள். இங்கே அதுவும் கிடையாது. ஒரு வாசலைக் கல்லால் அடைத்தால் ஒரு குகை, அடுத்த வாசலை அடைத்தால் இன்னொரு குகை. திரையின் மூலையில் இருக்கிற மினிமேப், அதாவது குட்டி வரைபடம், அடைத்த பகுதியையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

சண்டையும் அப்படித்தான். ஆரிஜின்ஸில் ஸ்பேஸ்பாரைத் தட்டி நிறுத்தி, மேலிருந்து பார்த்து, யாரை எங்கே நிறுத்துவது என்று யோசிப்பதே ஒரு சுகம். இதிலும் நிறுத்தலாம், ஆனால் யோசித்துப் பலன் இல்லை. அப்போதெல்லாம் எங்கள் ஏரியாவில் தினமும் ஒரு மணி நேர மின்வெட்டு. யூபிஎஸ் கத்த ஆரம்பித்ததும், சரி, இந்தச் சண்டையை முடித்து சேவ் பண்ணிவிடலாம் என்று பார்ப்பேன், ஏனென்றால் சண்டைக்கு நடுவில் சேவ் ஆகாது. கடைசி ஆள் விழுந்த அந்த நொடியில் கூரையிலிருந்து இன்னொரு கும்பல் குதிக்கும், மானிட்டரும் அணைந்துவிடும். எத்தனை நாள் இருட்டில் உட்கார்ந்து திட்டியிருக்கிறேன் தெரியுமா.

ஆனால் ‘ஒரே ஊர்’ என்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு சண்டை போடுவேன். ஊர் ஊராகப் போய்ப் படை திரட்டிக் கடைசியில் பெரிய டிராகனைக் கொல்வது ஆரிஜின்ஸிலேயே நன்றாக வந்துவிட்டது, திரும்ப எதற்கு? அகதியாகக் கிர்க்வால் என்ற அந்த ஊருக்கு வந்த ஹாக்கின் குடும்பம் அங்கேயே வருடக்கணக்கில் பிழைப்பது வேறு கதை. அதன் முதல் பகுதியில் காணாமல் போன பெண்ணைத் தேடிப் போகிறோம், எலும்பும் ஒரு மோதிரமும் கிடைக்கிறது. துணை வேலைதானே என்று கணக்கை முடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மூன்று வருடம் கழித்து ஹாக்கின் வீட்டிலேயே அந்தக் கொலைகாரனின் அடையாளமான வெள்ளை லில்லிப் பூக்கள், அம்மா யார் வீட்டுக்கோ போயிருக்கிறாள் என்கிறார்கள். எவ்வளவு வேகமாக ஓடினாலும் காப்பாற்ற முடியாது. ஊர் மாறிக்கொண்டே இருந்திருந்தால் பழைய வழக்கு ஒன்று இப்படி நம் வாசல் தேடி வந்திருக்குமா? இந்தக் கதையை நமக்குச் சொல்கிற வாரிக்கும் டீக்கடை பெஞ்சில் அளந்துவிடும் ஆள்தான். தொடக்கச் சண்டையையே ஊதிப் பெருக்கிச் சொல்லி, அவனை விசாரிக்கிற கசாண்ட்ராவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். இந்த மாதிரி ஒரு கதைசொல்லி ஆரிஜின்ஸில் இல்லை.

சரி, அப்புறம் ஏன் பாதி? மூன்று மூன்று வருடமாகக் காலம் ஓடுகிறது என்கிறார்கள், ஆனால் கிர்க்வாலில் ஒரு சுவர்கூட மாறுவதில்லை. கடைக்காரர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். எங்கள் தெருமுனையில் மூன்று வருடத்துக்குள் டைலர் கடை செல்போன் கடையாகி, அதுவும் போய் இப்போது பிரியாணிக் கடை. காலியாக இருந்த மனையில் ஐந்து மாடி வந்துவிட்டது. ஒரே ஊரில் கதையை நிறுத்துகிறவன் இதையெல்லாம் காட்ட வேண்டாமா? அதற்குத்தான் அவகாசம் இல்லை.

முடிவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாயாவிகள் பக்கம் நின்றாலும், அவர்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர்கள் பக்கம் நின்றாலும், மாயாவிகளின் தலைவர் ஓர்சினோவோடும் சண்டை, டெம்ப்ளர்களின் தலைவி மெரிடித்தோடும் சண்டை. அம்மாவைக் காப்பாற்ற முடியாதது வலித்தது, ஆனால் கதை அங்கே நேர்மையாக இருந்தது. இதில் என்னை ஒரு பக்கம் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு அந்தத் தேர்வைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். உங்களுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது.

ஆமாம், ஹாக்கை மாயாவியாக ஆடினீர்களா, வாரியராக ஆடினீர்களா, எந்த வகை என்று எழுதவே இல்லையே? மாயாவி என்றால் தொடக்கத்திலேயே ஹாக்கின் தங்கை பெத்தனி செத்திருப்பாள், கூட வந்தது தம்பி கார்வராக இருக்கும். அந்தச் சிடுமூஞ்சித் தம்பியோடு முதல் பகுதி முழுக்கச் சுற்றியவருக்குக் கேம் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. ஒருமுறை வாரியராக ஆடிப் பாருங்கள், பெத்தனி வருவாள். ஆடிவிட்டு எழுதுங்கள்.