பழைய டீசல் பிக்கப்: எந்தப் பழுது எங்கே என்று பாகத்தை மாற்றும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நீங்கள் கேட்டிருப்பது நான்கு தொல்லைகளைப் பற்றி: காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, ஏற்றத்தில் சூடேறுகிறது, லோடு வைத்துக் கிளப்பினால் அடியில் அதிர்கிறது, பிரேக் பெடல் கீழே போகிறது. மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள, கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டியில் இந்த நான்கையுமே கண்ணாலும் காதாலும் ஒரு சாதாரண மல்டிமீட்டராலும் பெருமளவு பிடித்துவிடலாம். செய்கிற ஒவ்வொரு சோதனையும் சந்தேகத்தைப் பாதியாக வெட்ட வேண்டும், அதுதான் முக்கியம். "பம்பாக இருக்கலாம், (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும்) நாசிலாக இருக்கலாம்" என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது பழுதுபார்ப்பு ஆகாது.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன் ஒன்று. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள். ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் கட்டாயம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது, சொல்லாமல் நொறுங்கும்.

ஸ்டார்ட்டிங்கில் இருந்து தொடங்குவோம், அதிகம் ஏமாற்றுவது அதுதான். முதலில் செல்ஃப் சுற்றும் வேகத்தைக் கேளுங்கள். இழுத்து இழுத்துச் சுற்றினால் டீசல் பக்கம் கையே வைக்க வேண்டாம். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்ஜின் கிளம்பிவிடாதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். முழுச் சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் ஒன்று பேட்டரி வலுவிழந்திருக்கிறது, இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது.

வோல்ட் நன்றாக நின்றும் சுற்றுவது மந்தம் என்றால் ஒயரைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் குமிழிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் குற்றவாளி. அதேபோல் பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் போல்ட்டுக்கும் இடையில் பாருங்கள். செல்ஃப்பைக் கழற்றிப் பிரிப்பதற்கு முன் எர்த் ஒயரின் இரு முனைகளையும் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி, இறுக்கிவிடுங்கள். பழைய வண்டிகளில் இந்தச் சின்ன வேலையே பல செல்ஃப்களைக் காப்பாற்றும்.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்க வையுங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. இந்த ஒரு பார்வையே வேலையை இரண்டாகப் பிரித்துவிடும்.

புகை இல்லாத பக்கம்: சாவி போட்டதும் பம்ப்பில் உள்ள ஸ்டாப் சாலினாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) "டக்" என்கிறதா என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் அதன் முனையில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். கேபிளால் நிறுத்தும் வண்டியானால் கேபிள் முழுதாகத் திரும்பியிருக்கிறதா பாருங்கள். அது சரி என்றால் அடுத்த சந்தேகம் காற்று.

காற்று நுழைவதைப் பலரும் தேடும் இடம் தவறு, டீசல் ஒழுகும் இடத்தைத் தேடுவார்கள். டேங்கில் இருந்து ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பம்ப்) வரைக்கும் உள்ள குழாயில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் இளநீர் வெளியே சிந்தாது, காற்றுதான் உள்ளே வரும். இங்கேயும் அதேதான். அதனால் வெளியே சொட்டு ஈரம் இல்லாமலே காற்று இழுக்கும். அடையாளம் இது: காலையில் ஸ்டார்ட் ஆகி, சில நொடி ஓடி, நின்றுவிடும், பிறகு நெடுநேரம் சுற்றினால்தான் வரும். ஒரு முறை கிளம்பிவிட்டால் நாள் முழுக்கத் தொல்லை இருக்காது. இறக்கத்தில் மூக்கு கீழே இருக்க நிறுத்தினால் ஒரு மாதிரி, ஏற்றத்தில் நிறுத்தினால் ஒரு மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

உறுதி செய்ய, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையில் உள்ள ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு டீசல் தாங்கும் தெளிவான டியூப் போட்டு ஓட்டுங்கள். குமிழி தொடர்ந்து ஓடினால் காற்று நுழைகிறது. எங்கிருந்து என்பதற்கு அடுத்த சோதனை: சுத்தமான டீசல் உள்ள கேனை இன்ஜினுக்கு மேல் மட்டத்தில் பத்திரமாக வைத்து, அதிலிருந்து நேராக ஃபீட் பம்ப்பின் உள்வழிக்கு டியூப் கொடுங்கள். குமிழி நின்று வண்டி உடனே கிளம்பினால் குற்றம் டேங்க் முதல் அந்த இடம் வரை. நிற்கவில்லை என்றால் அதற்கு மேலே, இன்ஜின் பக்கம். டேங்க் பக்கம் என்றால் வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், டேங்குக்குள் போகும் குழாயில் துரு அரித்த ஊசித்துளை. மேலே என்றால் ஃபில்டர் கிண்ணத்தின் ஓ ரிங், டீசலை ஏற்றக் கையால் அடிக்கும் பிரைமரின் டயஃப்ரம், பாஞ்சோ போல்ட்டின் (டீசல் உள்ளே ஓடும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர். செம்பு வாஷரைக் கழற்றினால் புதிதே போடுங்கள், பழையதைத் திருப்பிப் போடுவது நிற்காது.

ஏர் எடுக்கும் முறை: ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை பிரைமரை அடியுங்கள். டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவில் அதேபோல். அப்புறம் நாசில் பக்கம் உள்ள பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, டீசல் துளிர்க்கும்வரை செல்ஃப் அடித்து இறுக்குங்கள். ஒரு முறைக்கு 10 முதல் 15 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள், செல்ஃப் காயில் வெந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பைப் முனையில் விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். உங்கள் வண்டி காமன் ரெயில் வகை (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது வகை டீசல் இன்ஜின்) என்றால் இந்தப் பைப் நட்டுகளைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல்.

ஓடும் வண்டி அரை மணி நேரத்தில் மூச்சுத் திணறி நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியானால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

வெள்ளைப் புகைப் பக்கத்தில், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆகும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) உள்ள இன்ஜினானால் அவற்றை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கின் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். நல்லது 2 ஓமுக்குள் காட்டும். ஒன்றுமே காட்டாதது போய்விட்டது. பட்டையைக் கழற்றாமல் பார்த்தால் எல்லாம் நல்லதாகவே தெரியும். பிளக் எல்லாம் நன்றாக இருந்தும் வெள்ளைப் புகை போகவில்லை என்றால் பம்ப் டைமிங், கம்ப்ரஷன் என்று போக வேண்டும்.

ஐட்லிங்கில் உதறினால், ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி இறுக்குங்கள். மெக்கானிக்கல் பம்ப்பில் மட்டும், துணி சுற்றிக்கொண்டு, மேலே சொன்ன அதே எச்சரிக்கையோடு. எந்தச் சிலிண்டரைத் தளர்த்தினாலும் சத்தம் மாற வேண்டும். மாறாத சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதன் நாசிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றுங்கள். பழுதும் கூடவே போனால் நாசில், போகாமல் அங்கேயே இருந்தால் வால்வு அல்லது பிஸ்டன் ரிங். இப்படிப் பார்க்காமல் நான்கு நாசிலையும் ஒன்றாக மாற்றுவது வீண் செலவு. ரிங் தேய்ந்ததா என்று முதல் கணிப்புக்கு, சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அப்படியே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறிந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்தே ஆக வேண்டும்.

சூடேறுவதில் எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடை. நெரிசலில் ஏறி, ஓட்டத்தில் இறங்கினால் ஃபேன் பெல்ட் அல்லது விஸ்கஸ் ஃபேன் (சூடேறும்போது இறுகிச் சுற்றும் கிளட்ச் உள்ள ஃபேன்). இன்ஜினைச் சூடாக நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் பல சுற்று ஓடினால் விஸ்கஸ் போய்விட்டது. மாறாக, நெரிசலில் சும்மா இருந்து ஏற்றத்திலும் நெடுஞ்சாலையிலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு. டெம்பரேச்சர் கன்னால் ரேடியேட்டர் முகம் முழுக்கப் பாருங்கள், நடுவில் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. வேகம் கொடுக்கும்போது கீழ் ஹோஸ் சப்பையானால் அதுவே தண்ணீரை மறிக்கிறது. தெர்மோஸ்டாட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்க வேண்டும், சரியான அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் சிலிண்டர் லைனர் தேயும், டீசலும் கூடக் குடிக்கும்.

ஆறிய இன்ஜினைக் கிளப்பி ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். தண்ணீர் சூடேற இன்னும் நேரமே இல்லாதபோது அந்த அழுத்தம் வேறெங்கிருந்து வரும்? சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

லோடோடு கிளப்பும்போது வரும் அதிர்வுக்கு முதல் சந்தேகம், கியர் பாக்ஸில் இருந்து பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் நீளமான, இரண்டு துண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சென்டர் பேரிங். அதன் ரப்பர் கிழிந்தால் கிளம்பும்போது மட்டும் குலுக்கி, வேகம் பிடித்ததும் அடங்கும். கியர் மாற்றும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் "டங்" என்றால் ஷாஃப்ட் மடங்கும் இடத்தில் உள்ள ஜாயின்ட் கிராஸ். நான்கு சக்கரத்துக்கும் கட்டை போட்டு, நியூட்ரலில், ஜாயின்ட்டின் இருபுறமும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். கைக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தாலே மாற்ற வேண்டியதுதான். கழற்றும் முன் ஷாஃப்ட், யோக், ஸ்ப்லைன் எல்லாவற்றிலும் பஞ்ச் அடையாளம் போடுங்கள். ஸ்ப்லைனில் ஒரு பல் தவறி ஏறினால் முன்னும் பின்னும் உள்ள ஜாயின்ட்டுகளின் கோணம் மாறி, புது கிராஸ் போட்டும் அதிர்வு போகாது.

பின் ஆக்சில் ஹவுசிங்கின் ஆயில் சீல் திரும்பத் திரும்ப ஒழுகினால் சீலைக் குறை சொல்லாதீர்கள். ஹவுசிங் மேலே சிறு பிரீதர் (காற்றுப் போக்கி) இருக்கும், அதில் சேறு அடைத்தால் சூட்டில் விரியும் காற்று சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் டிரம்முக்குள் போய் ஷூவை நனைத்து பிரேக்கையும் கெடுக்கும். ஆயில் விஷயத்தில் இன்னொன்று: டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 பொதுவானது. அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றாதீர்கள். ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் கியர் எளிதாக விழ உதவும் பித்தளை சின்க்ரோ ரிங்குகள் கெடலாம்.

பின் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி கோணலாக ஓடும். அந்தப் பட்டையின் முன் கண்ணில் இருந்து ஆக்சில் வரை இருபுறமும் டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். யு போல்ட்டைச் சுற்றிச் சிவப்புத் துருத்தூள் தெரிந்தால் அது தளர்ந்து அரைகிறது.

ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு ஒருவர் சக்கரத்தைத் தரையில் வைத்தபடியே ஸ்டீயரிங்கை இடவலமாகச் சிறிது ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு பால் ஜாயின்ட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸ் மேலே உள்ள ஸ்க்ரூவை இறுக்குவது கடைசி வேலை. மிகுதியாக இறுக்கினால் ஸ்டீயரிங் நடுவில் பிடித்து, தானாகத் திரும்பி வராது.

பிரேக்கில் பெடல் சொல்லும் சேதியைக் கேளுங்கள். ஒரு மிதியில் கீழே போய், இரண்டு மூன்று மிதியில் மேலே வந்தால் பெரும்பாலும் பின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட். பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று. கெட்டியாக இருந்து, மிதித்தே வைத்திருக்கையில் மெதுவாக இறங்கினால், வெளியே ஒழுக்கும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் கப் போய்விட்டது. வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை லேசாக விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் மாற்றுங்கள், அதன் ஆயில் பட்ட ஷூவையும் சேர்த்து. டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு லோடு வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். நீங்கள் லோடுக்காகக் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால், பாரம் ஏற்றினாலும் வண்டி அமுங்காது, வால்வு காலி வண்டி என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அப்போது பளுவில் பெரும்பகுதி முன் பிரேக்கில் விழும். முன் பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்தால் இந்தக் கம்பியைப் பாருங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால் விடுவித்து, நீளத்தை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். பட்டை சேர்த்த வண்டியில் அந்த அளவு பொருந்தாது. கூடுதல் பட்டையைக் கழற்றிவிடுங்கள், முடியாது என்றால் பின் அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பார்த்து அமைக்கத் தெரிந்த பிரேக் பட்டறையில் கொடுங்கள்.