இலவசக் கால் கிடைத்துவிட்டால் இழப்பீடு குறையுமா?

கேள்வி: நெல் விவசாயி, வயது 41. லாரி மோதியதில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முகாமில் கொடுத்த செயற்கைக் கால் செருப்போடு சரியாக இருக்கிறது. வரப்பில் வெறுங்காலோடு நின்றால் பின்னால் தள்ளுகிறது. கார்பன் பாதத்துக்கு 3 லட்சம் ரூபாய் கொட்டேஷன் வாங்கித் தாக்கல் செய்தோம். ‘இலவசக் கால்தான் இருக்கிறதே’ என்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. என்ன செய்வது?
– தஞ்சை மாவட்ட வாசகர்

பதில்: அந்தப் ‘பின்னால் தள்ளுகிறது’தான் உங்கள் வழக்கின் உயிர். செருப்பின் குதி உயரத்தைக் கணக்கிட்டுப் பொருத்திய பாதம் அது. செருப்பைக் கழற்றினால் குதி தாழும், உடம்பு பின்னால் சாயும். பேங்க் கேஷியருக்கு இது பெரிய விஷயமில்லை. நாற்று நடும் நேரத்தில் உங்களுக்கு அதுவே பிழைப்பு. ஊனத்தின் சதவீதம் வேறு, அதனால் போகும் வருமானம் வேறு. தொழிலைப் பார்த்தே கணக்கிட வேண்டும் என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது.

ஆனால் அந்தக் கொட்டேஷன் எனக்கு உறுத்துகிறது. கார்பன் பாதம் வேகமாக நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் உதவுவது. “இதோடு சேற்றில் இறங்கலாமா?” என்று குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி போதும், கொட்டேஷன் காலி. வெறுங்காலோடு நடக்கவும் குத்தவைத்து உட்காரவும் நம் ஊர்களுக்கென்றே உருவானது ரப்பரால் ஆன ஜெய்ப்பூர் பாதம், விலையும் குறைவு. வயலுக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று என இரண்டு கேட்பதே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். எது சரி என்பதைக் கால் பொருத்தும் நிபுணர் உங்களை நடக்கவிட்டுப் பார்த்து எழுதித் தரட்டும். அவரையே சாட்சியாக விசாரியுங்கள். எழுதியவர் கூண்டேறாத கொட்டேஷனுக்கு மதிப்புக் குறைவு.

இலவசக் கால் விஷயம்: கிடைத்தது ஒரு கால். உங்களுக்கு இன்னும் பல கால் வேண்டியிருக்கும். உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான வழக்கில், செயற்கைக் கால் 5, 6 வருடமே உழைக்கும், இடையில் ரிப்பேரும் வரும் என்று கணக்கிட்டு 2022-ல் உச்ச நீதிமன்றம் தொகையைக் கூட்டியது. அடுத்தடுத்த கால்களையும் இப்போதே கேளுங்கள். தீர்ப்பான பிறகு ‘கால் தேய்ந்துவிட்டது’ என்று மறுபடி போக முடியாது; மனுவில் கேட்டதைவிட அதிகமாகவும் தீர்ப்பாயம் தரலாம். இரண்டுமே நாகப்பா வழக்கில் (2002) சொல்லப்பட்டவை.

அடுத்த வாய்தாவுக்கு முன், வரப்பில் செருப்போடும் இல்லாமலும் நீங்கள் நிற்பதை மொபைலில் எடுத்து வையுங்கள். மொபைல் பதிவு போன்ற மின்னணு ஆதாரங்களுக்குத் தேவையான, புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023) 63(4) பிரிவுச் சான்றிதழையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். அதில் நிபுணர் (கால் பொருத்துபவர் அல்ல, மின்னணு ஆதார நிபுணர்) கையெழுத்துப் போட வேண்டிய பகுதி ஒன்று உண்டு, உங்கள் வக்கீலிடம் மறக்காமல் நினைவுபடுத்துங்கள்.