சித்தம்பூண்டிக் கல்லும் நிலா மண்ணும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சந்திரயானை அனுப்புவதற்கு முன்னால் இஸ்ரோக்காரர்கள் சோதனைக்கான நிலா மண்ணை நம் பக்கத்துப் பாறையிலிருந்து செய்தார்கள் என்று நான் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. சேலத்தில் ஜியாலஜி சொல்லிக்கொடுப்பவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ஓமலூரிலிருந்து: ரோவரை ஓட்டிப் பார்க்க ஆத்து மணல் போதாதா சார்?

போதாதுங்க. காவிரி மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. நிலாவில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. விண்கற்கள் இடித்துப் பொடியாக்கிய மண், கூர் மழுங்காமல் அப்படியே கிடக்கிறது. அதில் ரோவர் வண்டியின் சக்கரம் புதையுமா, சறுக்குமா என்பதை அதே மாதிரி மண்ணில் ஓட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நிலாவின் மேட்டுநிலங்களில் பெரும்பாலும் இருப்பது அனார்த்தோசைட் என்ற பாறை. அது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. 1997 வரை அந்த ஊர்களும் சேலம் மாவட்டம்தான். என் மேஜைமேல் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். சாம்பல் கலந்த வெள்ளை; உடைத்த பக்கம் கற்கண்டு போல மணிமணியாக மின்னும், நடுநடுவே எள் தூவினாற்போல ஹார்ன்பிளெண்டு என்ற கருப்புக் கனிமம்.

பெரியார் பல்கலைக்கழக ஜியாலஜி துறை உதவியோடு கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். நொறுக்கியது சேலத்துக் கிரஷர்களில். ஜல்லி உடைப்பது போல இல்லை இது. நிலா மண்ணில் ஏறக்குறைய பாதி, தலைமுடித் தடிமனைவிட நுண்ணிய பொடி. அந்த அளவுகள் எல்லாம் சரியான விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். சுமார் 50 டன் இஸ்ரோவுக்குப் போனது. இஸ்ரோ, பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி. ஆட்கள் பெயரில் 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது. ராக்கெட் கிளம்புவதை நாடே பார்க்கிறது. கிரஷர் பெல்ட்டில் நின்றவர்களையும் நாம் நினைக்க வேண்டும்.

கருப்பூரிலிருந்து: எங்க பக்கம் தோண்டுற வெள்ளைக்கல்லும் அதுதானாண்ணா?

இல்லை தம்பி, அது மேக்னசைட். உலைக்குள் வைக்கும் செங்கல்லுக்குப் போவது.

ஏற்காட்டிலிருந்து: அப்போ எங்க மலைப் பாறை?

அது சார்னோகைட். அந்தப் பாறை மழையில் இற்றுப்போய்த்தான் உங்கள் மலைமேல் பாக்சைட் என்ற அலுமினியத் தாது உண்டானது. நிலாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் அழகான கல்!

அம்மாபேட்டையிலிருந்து: 2019-ல் சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் விழுந்தது மண் சோதனை சரியில்லாததாலா?

இல்லைங்க. இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும் கட்டத்திலேயே சிக்கல். மண்ணைத் தொட்டு ஓடும் வேலை ரோவருக்கு வரவே இல்லை. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. அப்புறம் அதன் ரோவர் பிரக்யான் சுமார் 100 மீட்டர் ஓடி, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது.

ஆத்தூரிலிருந்து, ஒரு பத்தாம் வகுப்பு மாணவி: அளந்ததில் என்ன வந்தது?

நல்ல கேள்வி கேட்டாய் கண்ணு. 2024-ல் முடிவு வெளியானது. அங்கே இருந்த மண்ணின் கலவை, இரும்பு கொஞ்சம் கலந்த அனார்த்தோசைட்டோடு ஒத்துப்போனது. அதைப் படித்த ராத்திரி, மேஜைமேல் இருந்த துண்டைக் கையில் எடுத்து வெகு நேரம் வைத்திருந்தேன்.