ஜாஷ் ஹாலி பேசியதும் ஓட்டுப் போட்டதும்: மிசௌரிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, மிசௌரியின் செயின்ட் லூயிஸ் வந்து சில மாதங்கள்தான் ஆகிறது, ஆபீஸில் ஒருவர் நம் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜாஷ் ஹாலி உழைக்கிற ஜனங்கள் பக்கம் நிற்பவர் என்கிறார், இன்னொருவர் அவர் பேச்சு ஒன்று ஓட்டு வேறு என்கிறார், எது உண்மை என்று நாமே எப்படிப் பார்ப்பது, ஓட்டுரிமை இல்லாத நமக்கு இது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எச்1பி என்ற வேலை விசாவில் இருந்தாலும் வரி கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள், நாம் போகும் ஆஸ்பத்திரிக்கு மெடிகெய்ட், அதாவது குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணமும் வருகிறது. அந்தப் பணம் குறைந்து ஒரு பிரசவ வார்டு மூடப்பட்டால், நல்ல இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவருக்கும் சேர்த்துத்தான் மூடப்படுகிறது. அதனால் எனக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது. எல்லோரும் செனட்டர் பேசியதிலிருந்து தொடங்குகிறார்கள், நான் மாநிலத்துக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்குவேன். மிசௌரியில் அதற்குக் கருத்துக்கணிப்பு கூடத் தேவையில்லை, ஏனென்றால் இங்கே மக்களே சட்டத்தின் மேல் நேரடியாக வாக்களிக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் தொழிற்சங்கங்களைப் பலவீனப்படுத்தும் ஒரு சட்டம் வாக்குக்கு வந்தது, மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். 2020 ஆகஸ்டில் மெடிகெய்டைக் குறைந்த வருமானமுள்ள மேலும் பலருக்கு விரிவாக்க வேண்டும் என்று 53 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு அதை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுத வைத்தார்கள். அதற்குப் பணம் ஒதுக்க மாநிலச் சட்டமன்றம் மறுத்தது, 2021 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. 2016, 2020, 2024 மூன்று தேர்தலிலும் டிரம்பை ஜெயிக்க வைத்த மாநிலம் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், மெடிகெய்ட் என்பது இங்கே ஒரு கட்சியின் ஆசை மட்டும் இல்லை. தெற்கே கென்னெட் என்ற ஊரில் இருந்த ஒரே ஆஸ்பத்திரி 2018இல் மூடப்பட்டது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது அரசியல் பேச்சே இல்லை, நெஞ்சு வலித்தால் எவ்வளவு தூரம் போகணும் என்கிற விஷயம்.

இப்போது ஹாலி சொன்னது. 2018இல் அப்போதைய செனட்டர் கிளேர் மெக்காஸ்கிலை எதிர்த்துத் தேர்தலில் நின்றபோது, தன் மகனுக்கு உள்ள நோயைச் சொல்லி, ஏற்கனவே நோய் உள்ளவர்களுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் காப்பீடு தர வேண்டும் என்பதே தன் நிலை என்று விளம்பரத்தில் பேசினார். அதே சமயம் மாநில அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக, அந்தப் பாதுகாப்பைத் தரும் ஒபாமாகேர் சட்டத்தையே செல்லாததாக்கக் கேட்ட டெக்சாஸ் வழக்கில் மிசௌரியையும் சேர்த்திருந்தார். 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளிவிட்டது. செனட்டில் ஒரு ஓட்டுக்கூடப் போடுவதற்கு முன்பே சொல்லும் செயலும் பிரிந்துவிட்ட இடம் இது. அதனால் ஒருவருடைய வாக்குப் பதிவை மட்டும் பார்க்காமல் அதற்கு முன்னால் வகித்த பதவியில் என்ன செய்தார் என்றும் பாருங்கள்.

2025தான் முக்கியம். மே மாதம் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதி, உழைக்கும் ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டை வெட்டுவது அறத்துக்கும் தவறு, கட்சிக்கும் தற்கொலை என்ற கருத்தில் கடுமையாகவே வாதாடினார், நானும் மனசாரப் பாராட்டினேன். ஜூலை 1 அன்று டிரம்பின் பெரிய வரி மசோதா செனட்டில் வாக்குக்கு வந்தது. மெடிகெய்ட் செலவைப் பெரிய அளவில் குறைக்கும் மசோதா அது. வேலை செய்தால்தான் மெடிகெய்ட் என்ற நிபந்தனையை அவர் ஆரம்பத்திலிருந்தே ஆதரித்தார், அதில் அவர் மாறவில்லை. ஆனால் மாநிலங்கள் ஆஸ்பத்திரிகளிடம் வரி வாங்கி, அதைக் காட்டி மத்திய அரசிடமிருந்து கூடுதல் மெடிகெய்ட் பணம் பெறும் ஏற்பாடு ஒன்று உண்டு. மிசௌரி போன்ற விரிவாக்க மாநிலங்களில் அந்த வரியின் உச்சவரம்பை 2028 நிதியாண்டிலிருந்து படிப்படியாக 6 சதவீதத்திலிருந்து 3.5க்கு இறக்குகிறது இந்தச் சட்டம். அதை அவர் எதிர்த்தார். பிறகு கிராமப்புற ஆஸ்பத்திரிகளுக்கு 5,000 கோடி டாலர் நிதி சேர்க்கப்பட்டது, அவர் ஆம் என்று ஓட்டுப் போட்டார்.

எண்ணிக்கையைப் பாருங்கள் தம்பி, 50க்கு 50 என்று சமமானது, துணை அதிபர் வான்ஸ் ஓட்டால் 51. சூசன் காலின்ஸ், தாம் டில்லிஸ், ராண்ட் பால் ஆகிய மூன்று குடியரசுக் கட்சியினர் எதிர்த்தார்கள். நாலாவதாக ஒருவர் எதிர்த்திருந்தால் மசோதா அன்றைக்கு விழுந்திருக்கும். எழுபது, எண்பது பேர் ஆதரிக்கும் மசோதாவில் ஒருவர் போடும் ஓட்டையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. யாருடைய ஓட்டு முடிவை மாற்றியிருக்க முடியுமோ அந்த நாளில்தான் அவருடைய வாக்குறுதியின் எடை தெரியும். இரண்டு வாரம் கழித்து அதே ஹாலி, அந்த வரி மாற்றத்தை ரத்துசெய்யத் தனி மசோதா கொண்டுவந்தார்.

ஆனால் இதோடு நிறுத்தினால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். செயின்ட் லூயிஸில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அணுகுண்டுக்காக யுரேனியம் சுத்திகரித்தார்கள், அந்தக் கழிவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு கோல்ட்வாட்டர் ஓடையில் கலந்தது, ஃப்ளோரிசன்ட், ஹேசல்வுட் பக்கம் அந்த ஓடையில் விளையாடி வளர்ந்தவர்கள் புற்றுநோய்க்கு நியாயம் கேட்டுப் பல வருஷம் போராடினார்கள். 1990இல் வந்த கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டத்தில் மிசௌரி ஜனங்களுக்கு இடமில்லை. ஹாலி அதை விடாமல் பிடித்தார். 2024 மார்ச்சில் செனட்டில் 69க்கு 30 என்று ஜெயித்தும் பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அது சட்டமானது இந்த 2025 மசோதாவுக்குள்தான், தகுதியுள்ள நோயாளிக்கு 50,000 டாலர். ஆக, ஒரே ஓட்டில் செயின்ட் லூயிஸின் ஒரு பழைய காயத்துக்கு மருந்தும் இருந்தது, கென்னெட் பக்கத்து ஜனங்களுக்குப் பயமும் இருந்தது.

என் கருத்தைக் கேட்டால், ஓடைக்கரை ஜனங்களுக்கு அவர் செய்தது பெரிய காரியம், அதை எங்கேயும் சொல்வேன். மெடிகெய்ட் விஷயத்தில் மே மாதம் எழுதியதை ஜூலையில் காப்பாற்றவில்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பேரம் பேசும் பலம் அன்றைக்கு அவரிடம் இருந்தது. உங்களுக்கு வேறு தீர்ப்பு வரலாம்.

மசோதா கொண்டுவருவதை மட்டும் வைத்து யாரையும் எடை போடாதீர்கள். 2025 ஜூனில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் என்று ஜனநாயகக் கட்சியின் பீட்டர் வெல்ச்சோடு சேர்ந்து மசோதா கொடுத்தவர், 2021 மார்ச்சில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் அதே 15 டாலரை வாக்குக்குக் கொண்டுவந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்டார். மனம் மாறியிருக்கலாம், மாறினால் நல்லதுதான், ஆனால் இன்னொரு வாக்கெடுப்பு வரும்வரை எனக்கு நம்பிக்கை வராது.

சில விஷயங்களில் ஓட்டே பதிவாகாது. நம் கிரீன் கார்டு வரிசைக்கான எஸ்.386 மசோதாவையே பாருங்கள், பிரதிநிதிகள் சபையில் அதன் ஜோடி மசோதா 2019 ஜூலையில் 365க்கு 65 என்று ஜெயித்தது. செனட்டில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் நிறைவேறும் முறையில் கொண்டுவந்தார்கள், அதனால் ஒரே ஒருவர் எழுந்து மறுத்தால் போதும், ஆற்றுக்கு அக்கரை இல்லினாய்ஸின் டிக் டர்பின் உட்பட ஒவ்வொருவராக மறுத்தார்கள். 2020 டிசம்பரில் ஒருவழியாக நிறைவேறியபோதும் பெயர்வாரி வாக்கெடுப்பு இல்லை. இரண்டு சபை வடிவங்களும் ஒத்துப்போகாமல் அடுத்த மாதம் அந்தக் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) பதவிக்காலத்தோடு காலாவதியானது. இப்படிப்பட்டதற்கு அவையில் பேசியதன் பதிவைத்தான் தேட வேண்டும், அது காங்கிரஸ்.கவ் தளத்தில் கிடைக்கும். பெயர்வாரி வாக்குகள் செனட்.கவ் தளத்தில் தேதி வாரியாக இருக்கின்றன.

அப்புறம் ஒன்று, இது ரொம்ப முக்கியம். லைசென்ஸ் எடுக்கப் போகும்போது வாக்காளராகப் பதிகிறீர்களா என்று கேட்பார்கள், குடியுரிமை இல்லாதவர் தெரியாமல் ஆம் என்று சொல்லிவிட்டால்கூட பிற்பாடு குடியேற்ற வழக்கில் பெரிய சிக்கல். எச்1பியில் இருக்கும்வரை வேட்பாளருக்குத் தேர்தல் நன்கொடையும் கொடுக்கக்கூடாது. ஆனால் செனட்டர் அலுவலகத்துக்குப் போன் செய்து உங்கள் ஊரையும் கருத்தையும் சொல்லலாம், விசா மனு எங்கேயாவது மாட்டிக்கொண்டால் விசாரித்துச் சொல்லும்படி உதவியும் கேட்கலாம். குடியுரிமை இருக்கிறதா என்பது இதற்குத் தடையில்லை. உங்கள் விவரத்தை அரசுத் துறையிடம் கேட்க அனுமதி தரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ரசீது எண்ணோடு அனுப்புங்கள்.