பூன் ஹில் ஏறும் முன் பாலிசியின் உயரத்தைப் பாருங்கள்

கேள்வி: திங்கள்சந்தையை அடுத்த கிராமத்தில் வசிக்கிறோம். மே விடுமுறையில் நேபாளம் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். நான், மனைவி, 16 வயது மகன், 11 வயது மகள், 63 வயது அம்மா என ஐந்து பேர். அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. பொக்காராவில் தங்கி, கோரேபானி வழியாக பூன் ஹில் ஏற வேண்டும். முடிந்தால் அன்னபூர்ணா அடிவார முகாம் வரை போக மகனுக்கு ஆசை. திரிசூலி ஆற்றில் ராஃப்டிங்கும் செய்ய நினைக்கிறோம். நாகர்கோவிலில் டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட், “இன்சூரன்ஸ் பேக்கேஜிலேயே வந்துவிடும், தலைக்கு 400 ரூபாய்தான், எல்லாம் கவர் ஆகும். அடையாளத்துக்கு ஆதார் போதும்” என்கிறார். நாங்கள் தனியாக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

பதில்: எடுக்க வேண்டும். ஏஜென்ட் சொல்லும் பாலிசியை நான் பார்க்கவில்லை. ஆனால் தலைக்கு 400 ரூபாய்க்கு, இமயமலையில் நடக்கிறவர்களுக்கும் சர்க்கரை நோயுள்ள ஒரு மூதாட்டிக்கும் சேர்த்து எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. பெரும்பாலும் அது உள்நாட்டுப் பயணப் பாலிசியாக இருக்கும். ரயில் தாமதம், பெட்டி தொலைவது, விபத்து மரணம் ஆகியவற்றோடு அது நின்றுவிடும்.

இது நம் மாவட்டத்தில் வழக்கமாக நடக்கிற ஏமாற்று. நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம் அல்லவா? அதை வைத்துக்கொண்டு, “அதுவும் நம்ம நாடு மாதிரிதான்” என்று சொல்லி உள்நாட்டுப் பாலிசியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். குடிநுழைவு அதிகாரிக்கு நீங்கள் விசா இல்லாமல் வரும் அண்டை நாட்டவர். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நேபாளம் வெளிநாடு, அவ்வளவுதான். தக்கலைப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் கொண்டுவந்த கோப்பு இன்னும் கண்முன் நிற்கிறது. காட்மாண்டு மருத்துவமனை பில்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக அடுக்கியிருந்தன. பாலிசியின் முதல் பக்கத்தில் ‘பயணப் பகுதி’ என்ற கட்டத்துக்கு எதிரே ‘இந்தியா’ என்று அச்சிட்டிருந்தது. அதற்கு மேல் அந்தக் கோப்பில் பார்க்க எதுவும் இல்லை. அந்த ஒரு சொல்லைப் படித்துக் காட்ட வேண்டிய ஏஜென்ட் படித்துக் காட்டவில்லை. மனு எழுதுவதற்குக்கூட இடமில்லாமல் போய்விட்டது.

வீட்டில் வைத்திருக்கும் மெடிகிளெய்ம் உதவும் என்றும் நினைக்காதீர்கள். சாதாரண மருத்துவப் பாலிசிகள் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் அங்கே வேலையில்லை. உங்களுக்கு வேண்டியது வெளிநாட்டுப் பயணப் பாலிசி. அதை இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் மைத்துனரோ தம்பியோ அங்கிருந்து நேரே காட்மாண்டு வந்து உங்களோடு சேர்வதாக இருந்தால் அவரை உங்கள் பாலிசியில் சேர்க்காதீர்கள். இங்கே எழுதும் பாலிசிகள் இந்தியாவில் தொடங்கும் பயணத்துக்கானவை. அவர் தம் பாலிசியை அங்கேயே எடுத்துக்கொள்ளட்டும்.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பயணத்துக்கு அதுதான் மிக முக்கியம்: உயரம்.

பூன் ஹில் 3,210 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். நம் பக்கத்து இளைஞர்கள் பெருமையாகச் சொல்லும் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். அதாவது உங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை நின்றிராத உயரத்துக்கு நீங்கள் போகிறீர்கள். அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர். ஏறக்குறைய 2,500 மீட்டரைத் தாண்டினாலே காற்றழுத்தக் குறைவால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். கவனிக்காமல் மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். தினமும் ஓடுகிறவர், கடலில் வலை இழுக்கிறவர் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. யாருக்கும் வரலாம். முதல் மருந்து கீழே இறங்குவதுதான்.

பயணப் பாலிசிகளில் மலையேற்றத்துக்கு உயர வரம்பு உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். 3,000 மீட்டரில் கோடு போடுகிற பாலிசிகள் இருக்கின்றன. அதற்கு மேலே போகிறவையும் உண்டு, கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் மலையேற்றமே சேரும் என்கிறவையும் உண்டு. 3,000 மீட்டர் வரம்புள்ள பாலிசி உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தங்கும் கோரேபானி சுமார் 2,860 மீட்டரில் இருக்கிறது. அங்கே இரவில் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் பாலிசி பேசும். விடியலைப் பார்க்க இருட்டில் டார்ச் வெளிச்சத்தோடு பூன் ஹில்லுக்கு ஏறுகிறீர்களே, அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் கால் பிசகினால் பேசாது. இந்த வரி முதல் பக்கத்தில் இருக்காது. பின்னால், ‘பொது விலக்குகள்’ பகுதியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். மருத்துவப் பாலிசிகளுக்கு முக்கிய விவரங்களை எளிமையாகச் சொல்லும் சுருக்கத் தாளைத் தர வேண்டும், வாடிக்கையாளர் விரும்பினால் அவர் மொழியிலேயே தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜனவரி முதல் விதி வைத்திருக்கிறது. கவுண்டரில் போய்த் தமிழில் கேட்டுப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார்கள். பணம் வாங்கும் ரசீது மட்டும் எல்லா மொழியிலும் புரிகிறது. கேட்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஆகவே பிரீமியம் கட்டும் முன் நிறுவனத்துக்கே நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கோரேபானி 2,860 மீட்டர், பூன் ஹில் 3,210 மீட்டர், போவதாக இருந்தால் அடிவார முகாம் 4,130 மீட்டர் என்று இடத்தையும் உயரத்தையும் எழுதி, கயிறும் பனிக்கோடரியும் இல்லாத வழக்கமான நடைபாதையில் வழிகாட்டியோடு நடக்கப் போகிறோம், இதில் ஏற்படும் நோய்க்கும் விபத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் உங்கள் பாலிசி பொறுப்பேற்குமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் ஒரு பெண் இனிமையாக “ஆமாம் சார்” என்று சொன்னது நாளைக்குக் கிளெய்மில் நிற்காது.

ஹெலிகாப்டர் விஷயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். ஒரு மீட்புப் பறப்புக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். யார் பணம் தருவார்கள் என்று உறுதியாகாமல் அது கிளம்பாது. இதைச் சுற்றி ஒரு கொள்ளைக் கூட்டமே வளர்ந்திருக்கிறது. 2018-ல் நேபாள அரசு விசாரணை நடத்தியபோது, சாதாரணத் தலைவலிக்காரர்களைப் பயமுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றியதும், ஒரே பறப்பில் பலரை ஏற்றிவிட்டு ஒவ்வொருவர் இன்சூரன்ஸிலும் முழுக் கட்டணம் போட்டதும், நோயாளியைக் கொண்டுவந்தவர்களுக்கு மருத்துவமனைகள் கமிஷன் கொடுத்ததும் வெளியே வந்தன. கெட்டவர்கள் சிலர்தான், மலையில் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிற வழிகாட்டிகள் ஏராளம். ஆனால் அந்தச் சிலரால் இன்று ஒவ்வொரு ஹெலிகாப்டர் பில்லையும் நிறுவனங்கள் சந்தேகத்தோடு புரட்டுகின்றன, உண்மையான நோயாளியும் அதில் மாட்டிக்கொள்கிறார். நடந்தே இறங்கக்கூடிய நிலையில் இருந்தால் இறங்குங்கள். முடியாத நிலை வந்தால், ஹெலிகாப்டரை அழைக்கும் முன் பாலிசியில் இருக்கும் 24 மணி நேர உதவி எண்ணை நீங்களே அழைத்து, அவர்கள் தரும் கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியோ லாட்ஜ்காரரோ “நாங்கள் பேசிக்கொள்கிறோம்” என்றால் சம்மதிக்காதீர்கள். அந்த உதவி எண்ணையும் பாலிசி எண்ணையும் தாளில் எழுதி மனைவியிடமும் மகனிடமும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். மலைக்குளிரில் போன் சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடும்.

ராஃப்டிங்குக்கு வருவோம். ‘சாகச விளையாட்டுகள் விலக்கு’ என்று பெரும்பாலான பாலிசிகள் எழுதுகின்றன. ஆனால் பல பாலிசிகளில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பொழுதுபோக்காக, தொழில்முறையாக அல்லாமல், பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் செய்தால் பொறுப்பேற்போம் என்பார்கள். சில நிறுவனங்கள் இதைக் கூடுதல் பிரீமியத்துக்குத் தனியாக விற்கின்றன. இந்த விதிவிலக்கின் உயிர் ‘மேற்பார்வை’ என்ற சொல்லில் இருக்கிறது. கிளெய்ம் வரும்போது அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். படகில் ஒரு வழிகாட்டி உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் போதாது. அவர் எந்த நிறுவனத்தின் ஆள், அந்த நிறுவனம் அங்கே பதிவு பெற்றதா, அன்றைக்கு நீங்கள் பணம் கட்டியதற்கு ரசீது உண்டா என்று கேட்பார்கள். எனவே பொக்காரா ஏரிக்கரையில் கடைக்குக் கடை கூவி அழைப்பவர்களிடம் பேரம் பேசி, ரசீதில்லாமல் 200 ரூபாய் மிச்சம் பிடித்துப் படகேறாதீர்கள். பதிவுச் சான்று பெரும்பாலும் அலுவலகச் சுவரிலேயே மாட்டியிருக்கும், அதைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் பெயரும் தேதியும் போட்டு ரசீது வாங்குங்கள். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்ட நிலையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மகளுக்கு 11 வயது என்பதால், குறைந்தபட்ச வயது பற்றி அந்த நிறுவனத்தின் விதி என்ன என்று கேட்டு, அதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அவர்கள் விதியை மீறி ஏற்றியிருந்தால் மேற்பார்வை என்ற சொல்லே உடைந்துவிடும்.

அம்மாவின் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள். “எழுதினால் பிரீமியம் கூடும், எழுதாதீங்க” என்று ஏஜென்ட் சொல்வார். அங்கே மருத்துவமனையில் சேர்த்ததும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறும், சம்மரி நிறுவனத்துக்குப் போகும். மறைத்தால் சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாத கிளெய்மும் சேர்ந்து அடிபடும். எழுதினாலும் பழைய நோய்க்குப் பல பாலிசிகள் உயிராபத்துச் சிகிச்சைக்கு மட்டுமே தருகின்றன, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோரேபானிக்குப் போகும் வழியில் உள்ள உல்லேரியில் கல்படிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அம்மா பொக்காராவில் ஏரிக்கரையில் இருக்கட்டும், துணைக்கு ஒருவர் இருக்கட்டும். அடிவார முகாம் பற்றி என் கருத்தைக் கேட்டால், 11 வயதுக் குழந்தையோடு முதல் பயணத்தில் பூன் ஹில்லோடு திரும்புங்கள். மே மாதத்தில் பிற்பகல்களில் இடிமழையும் வரும்.

அப்படியே ஏஜென்ட்டின் பேக்கேஜில்தான் எடுப்பேன் என்றால், அது குழுப் பாலிசியாக இருக்கலாம். மூலப் பாலிசி டிராவல்ஸ் பெயரில் இருக்கும். உங்கள் ஐந்து பேர் பெயரிலும் தனித்தனிச் சான்றிதழ் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். ‘அனுப்பிவிடுகிறேன்’ என்ற வாட்ஸ்அப் செய்தி சான்றிதழ் ஆகாது. டிக்கெட் விற்கிறவருக்கு இன்சூரன்ஸ் விற்க உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், முகம் சுளித்தால் எழுந்து வாருங்கள். நேபாளத்துக்கு மருத்துவச் செலவு வரம்பு 50,000 டாலர் இருந்தால் போதும் என்பது என் மதிப்பீடு. மீட்புச் செலவுக்குத் தனியாக உள்வரம்பு, அதாவது மொத்தத் தொகைக்குள் ஒரு சிறிய உச்சவரம்பு, வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை அவர் உத்தரவிட முடியும். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கன்னியாகுமரிக்காரர் சுமார் 700 கிலோமீட்டர் போக வேண்டும் என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. காணொளி விசாரணைக்கு விதியில் இடமுண்டு, மனுவிலேயே அதைக் கேளுங்கள். பாலிசி கொடுத்த கிளை திருவனந்தபுரத்தில் இருந்தால் கொச்சி ஆம்பட்ஸ்மேனிடமும் மனு கொடுக்கலாம். நிறுவனத்தின் கிளை இருக்கும் இடத்தையும் விதி கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

கடைசியாக ஆதார். விமானத்தில் நேபாளம் போக 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் அது ஏற்கப்படும். உங்கள் மகளுக்குச் சரி. உங்களுக்கும் மனைவிக்கும் 63 வயது அம்மாவுக்கும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை அசலாக வேண்டும். 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு, பாஸ்போர்ட் இல்லையென்றால், பள்ளித் தலைமையாசிரியர் உரிய படிவத்தில் தரும் அடையாளச் சான்றிதழ் வேண்டும். ஆனால் வெளிநாட்டுப் பயணப் பாலிசி விண்ணப்பத்தில் பெரும்பாலும் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்கிறார்கள் என்பதால், ஐந்து பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுவதே நல்லது. மகனுடையது நேரத்துக்கு வராது என்று தோன்றினால், பள்ளிச் சான்றிதழை ஏப்ரலிலேயே வாங்கி வையுங்கள். மே மாதத்தில் பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும்.